கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு கண்ணாடி

பத்து மடங்கு பெருப்பித்துக் காட்டும் ஒரு தொலைகாட்டியின் பின்னால், அதேபோன்று பத்து மடங்கு பெருப்பித்துக் காட்டும் இன்னொரு தொலைகாட்டியை வைத்துப் பார்த்தால் நூறு மடங்கு பெரிய காட்சி கிடைக்குமா? பௌதிகவியற் செய்முறை வகுப்பில் வில்லைகள் பற்றிய பரிசோதனைகள் தொடங்கி இரண்டு மூன்று வாரங்கள் கழியுமுன், அநேகமாக ஆண்டுதோறும், யாராவது ஒரு மாணவர் இக்கேள்வியை என்னிடம் கேட்பதுண்டு. கேட்பவர் பெரும்பாலும் முதல் வரிசையில் இருப்பவரல்லர். பரிசோதனையை அரைகுறையாக முடித்துவிட்டு, மேசையிற் கிடக்கும் வில்லைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பவரே கேட்பார். அவருக்கு நான் கூறும் விடை "கிடைக்கும்" என்பதாகும். கணக்கு அவர் பக்கத்திலேயே இருக்கின்றது. ஆயினும் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால், அடுத்த கணம் அவர் இரண்டாவது தொலைகாட்டியைத் தேடி எடுத்துவந்து, மங்கலானதும் நடுங்குவதும் எதையும் புதிதாகக் காட்டாததுமான ஒரு வெளிச்சப் பொட்டினைக் கண்டு, பௌதிகவியலின் மீதே நம்பிக்கை இழந்துவிடக்கூடும்.

இக்கேள்வியை எனக்கு உயிருள்ள ஒன்றாக்கியது ஆய்வுகூடமன்று. துப்பாக்கி சுடும் மைதானமாகும். துப்பாக்கி என்ற சொல் இத்தீவில் நம்மிற் பலருக்கு எத்தகைய நினைவுகளை எழுப்பும் என்பதை நான் அறியாதவனல்லன். ஈண்டு நான் பேசுவது, தாளில் வரைந்த வட்டத்தைச் சுட்டு, விழுந்த துளைகளை எண்ணி, புள்ளிகளைக் குறித்துக்கொண்டு வீடு திரும்பும் விளையாட்டைப் பற்றியே. 1990களில் ஆராய்ச்சி மாணவனாக இங்கிலாந்தில் இருந்த காலத்தில், நான் அறை எடுத்துத் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் இவ்விளையாட்டில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுப் பழக்கமுடையவர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். அவருடைய வலக்கண்ணின் மையப்பார்வை மெல்ல மங்கிக்கொண்டு வந்தது. விழித்திரையின் நடுப்பகுதியைத் தாக்கும் முதுமை நோய் அது. எந்த மூக்குக்கண்ணாடியாலும் திருத்த முடியாதது. விளையாட்டை விட்டுவிட அவருக்கு மனமில்லை. இடக்கண்ணாற் குறிபார்க்கப் பழகும் வயதுமில்லை. ஆகவே அவர் கண்ணாடிகளைச் சேர்க்கத் தொடங்கினார். சரே மாவட்டத்திலுள்ள பிஸ்லி மைதானத்துக்கு வார இறுதிகளில் அவருடைய பையையும் முக்காலியையும் சுமந்துசென்ற காரணத்தினால், அவர் சேர்த்த கண்ணாடிகள் ஒவ்வொன்றின் வழியாகவும் பார்க்கும் வாய்ப்பு எனக்கும் கிடைத்தது.

அவரிடம் உள்ளங்கையில் அடங்கும் சிறு ஒற்றைக்கண் தொலைகாட்டி ஒன்று இருந்தது. இரு மடங்கு மட்டுமே பெருப்பிப்பது. அதனை ஓர் இறப்பர் வளையத்தாற் பெரிய தொலைகாட்டியின் பார்வைத்துண்டுக்குப் பின்னாற் பொருத்துவார். இதில் மாயம் எதுவுமில்லை. நன்கு குவியப்படுத்திய தொலைகாட்டி ஒன்று, தூரப் பொருளிலிருந்து சமாந்தரமாக வரும் கதிர்களைச் சமாந்தரமாகவே வெளியே விடுகின்றது. கதிர்கள் ஒன்றோடொன்று அமைக்கும் கோணத்தை மாத்திரமே அது பெரிதாக்குகின்றது. வெளிவரும் சமாந்தரக் கதிர்கள் இரண்டாவது கருவிக்கு இன்னொரு தூரக் காட்சியாகவே தோன்றும். ஆகவே அது தன் பங்குக்கு மீண்டும் கோணத்தைப் பெரிதாக்கும். உருப்பெருக்கங்கள் கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. ஜேர்மனியின் ஸைஸ் நிறுவனம் தனது இருவிழித் தொலைகாட்டிகளின் பின்னாற் பொருத்துவதற்கென்றே மும்மடங்கு பெருப்பிக்கும் சிறு கருவி ஒன்றை விற்றமையும் இந்த அடிப்படையிலேதான்.

என்னிடம் இருந்தது 8×30 அளவுடைய இருவிழித் தொலைகாட்டி. அதாவது எட்டு மடங்கு பெருப்பிப்பது, பொருள்வில்லையின் விட்டம் 30 மில்லிமீற்றர். பிஸ்லியின் 'செஞ்சுரி' மைதானத்தில் 300 யார் தூரத்து இலக்கை அதனூடாகப் பார்த்தேன். வட்டங்கள் தெளிவாகத் தெரிந்தன. சன்னம் துளைத்த இடம் தெரியவில்லை. கிழவர் தமது சிறு கண்ணாடியை அதன் ஒரு குழலுக்குப் பின்னாற் பொருத்தி, முக்காலியில் ஏற்றித் தந்தார். துளைகள் தெரிந்தன. கணக்கைப் பார்த்தால் இது நிகழ்ந்தே தீரவேண்டியது. பாகையின் அறுபதில் ஒன்று கலை. கலையின் அறுபதில் ஒன்று விகலை. நல்ல கண்ணொன்று பிரித்தறியக்கூடிய நுண்மை ஏறத்தாழ ஒரு கலை, அதாவது 60 விகலை. 7.8 மில்லிமீற்றர் அகலமான துளை 300 யார் தூரத்தில் ஏறத்தாழ 6 விகலைக் கோணத்தையே கண்ணில் அமைக்கும். எட்டு மடங்கு பெருப்பித்தால் 47 விகலை. கண்ணின் எல்லைக்குச் சற்றுக் கீழே. பதினாறு மடங்கானால் 94 விகலை; எல்லையைத் தாண்டிவிடும். இங்கே இரண்டாவது கண்ணாடி உண்மையாகவே புதியதொன்றைக் காட்டிற்று.

ஆனால் அதனைக் காட்டியது அந்தச் சிறு கண்ணாடியா? மாணவர்களிடம் நான் சற்று நேரம் தங்கிப் பேச விரும்பும் இடம் இதுதான். அத்துளை பற்றிய செய்தி முதல் வில்லையின் 30 மில்லிமீற்றர் வாயில் வழியாக முன்னரே உள்ளே வந்துவிட்டது. எட்டு மடங்குப் பெருக்கம் அதனைக் கண்ணுக்கு எட்டும்படி விரித்துக் கொடுக்கவில்லை, அவ்வளவே. ஒளி அலையாதலால், ஒரு வாயிலூடு புகும்போது அதன் விளிம்பிலே கோணலுறுகின்றது. விண்மீனைப் போன்ற ஒரு புள்ளியைக்கூட எந்த வில்லையும் புள்ளியாகக் காட்டாது. சிறு தட்டாகவே காட்டும். வாயில் ஒடுங்க ஒடுங்கத் தட்டு அகலும். இரட்டை விண்மீன்களை அவதானித்த ஆங்கிலேய வானியலாளர் டோஸ் வகுத்த எளிய விதியின்படி, 116 என்ற எண்ணை வில்லையின் மில்லிமீற்றர் விட்டத்தால் வகுத்தால், அவ்வில்லை பிரித்துக் காட்டவல்ல கோணம் விகலையிற் கிடைக்கும். 30 மில்லிமீற்றர் வில்லைக்கு அது ஏறத்தாழ 3.9. துளையோ 6 விகலை. செய்தி உள்ளே வந்திருந்தது என்று நான் கூறியதன் பொருள் இதுவே. அதே இருவிழித் தொலைகாட்டிக்குப் பின்னால் மூன்றாவது, நான்காவது கண்ணாடிகளை அடுக்கிப் பெருக்கத்தை நூறாக்கினாலும், 3.9 விகலைக்குட்பட்ட எதுவும் வெளிவரப் போவதில்லை. மங்கிய தட்டு மேலும் பெரிய மங்கிய தட்டாகும். நுணுக்குக்காட்டி வல்லுநர்கள் இதனை வெற்று உருப்பெருக்கம் என்பர். ஏர்ன்ஸ்ற் அபே 1873இல் நுணுக்குக்காட்டியின் பிரிவலுவுக்கு எல்லை வகுத்த பின்னரும், ஆயிரக்கணக்கான மடங்கு என்று விளம்பரஞ் செய்து விளையாட்டு நுணுக்குக்காட்டிகளை விற்போர் ஓயவில்லை. கைத்தொலைபேசியில் எடுத்த படத்தை இரு விரல்களால் விரித்து, முகம் தெரியவில்லையே என்று மேலும் விரிப்பவர்களை இன்று நாம் நாள்தோறும் காண்கின்றோம். அவர்கள் செய்வதும் இதுதான்.

பிஸ்லியின் மறுபுறத்தே 'ஸ்ரிக்கிள்டவுண்' என்னும் நெடுந்தூர மைதானம் இருக்கின்றது. 1200 யார் வரை அங்கே சுடுவர். 1000 யார் தூரத்தில் அதே துளையின் கோணம் 1.8 விகலைக்குச் சுருங்கிவிடும். கிழவரின் பெரிய தொலைகாட்டி 60 மில்லிமீற்றர் விட்டமுடையது. அதன் எல்லை 1.9 விகலை. ஏட்டுக் கணக்கிலேயே விளிம்பில் நிற்கும் நிலை. ஆனால் ஏட்டுக் கணக்கு வெற்றிடத்துக்குரியது. கோடைப் பகலில் வெப்பமேறிய புற்றரையை ஒட்டி நிற்கும் காற்று ஒளியைப் பல விகலைகள் அங்குமிங்கும் தள்ளாட வைக்கும். மதிய வேளையிற் கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையே தார்வீதி நெளிவதைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அந்நிலையில் இரட்டிப்புக் கண்ணாடியைப் பொருத்தியபோது, தள்ளாட்டமே இரட்டித்தது. இலக்கின் விளிம்பு கொதிக்கும் பாலின் ஆடையைப் போலச் சுருங்கி விரிந்தது. துளையைக் காணவில்லை. அங்கு அதனைக் கண்ணாடியாற் காண எவரும் முயல்வதுமில்லை. இலக்குகளுக்குக் கீழேயுள்ள அகழியில் ஓர் ஆள் இருப்பார். சூடு விழுந்ததும் இலக்கைக் கீழே இறக்கி, துளையிலே தட்டையான வட்டத் தகடொன்றைச் செருகி, மீண்டும் உயர்த்துவார். ஆயிரம் யார் தொலைவில் ஒளி கொண்டுவர மறுத்த செய்தியைக் கையால் பெரிதாக்கித் தரும் அந்த மனிதரே அம்மைதானத்தின் மிகச் சிறந்த உருப்பெருக்கி என்று கிழவர் கூறுவார். இன்று பல மைதானங்களிற் சன்னத்தின் ஒலியலையை நுண்ணொலிவாங்கிகளாற் கேட்டு, அது கடந்த இடத்தைக் கணித்துத் திரையிற் காட்டும் இலத்திரனியல் இலக்குகள் வந்துவிட்டன. அங்கும் ஒளிக்கு வேலையில்லை.

எல்லைக்குட்பட்ட இடத்திலும் இரண்டாவது கண்ணாடி விலையின்றி எதையும் தருவதில்லை. பொருள்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் வருவது, கருவியின் பின்புறத்தே வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம். எனது 8×30 கருவியில் அது 3.75 மில்லிமீற்றர், பதினாறு மடங்காக்கியபோது 1.9. நண்பகலில் நமது கண்மணியின் துவாரமே இரண்டு மூன்று மில்லிமீற்றருக்குச் சுருங்கியிருப்பதால் வேறுபாடு அதிகம் புலப்படாது. பொழுது சாயத் துவாரம் விரியும். அப்போது கற்றையின் குறுக்கம் தெரியவரும். விட்டம் பாதியானால் விழித்திரையில் விழும் காட்சியின் பிரகாசம் காற்பங்காகும். இதனோடு ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் தன் தரகைக் கழித்துக்கொள்கின்றது. பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ நூற்றுக்கு நாலு பங்கு ஒளியைத் தெறித்துவிடும். பத்துப் பரப்புகளைக் கடந்தால் மூன்றிலொரு பங்கு ஒளி போய்விடும். 1935இல் ஸைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த சுமகுலா தெறிப்பைத் தடுக்கும் மெல்லிய பூச்சு முறையைக் கண்டறிந்திராவிட்டால், கண்ணாடிக்குப் பின்னாற் கண்ணாடி வைப்பது வெறும் வேடிக்கையாகவே நின்றிருக்கும். இன்னும் இரு விலைகள் உண்டு. முதற் கருவியிலிருந்து வெளிவரும் கற்றை இரண்டாவது கருவியின் வாயிலிற் சரியாகப் பொருந்தாவிட்டால், காட்சி சுற்றிலும் இருண்டு சாவித் துவாரத்தினூடு பார்ப்பது போலாகிவிடும். கையின் நடுக்கமும் காட்சியின் அதே விகிதத்திற் பெருகும். கிழவர் முக்காலியை என் தோளில் ஏற்றியது காரணமின்றியன்று.

இதுவரை கூறியது இலக்கைப் பார்ப்பது பற்றியது. குறிபார்ப்பது வேறு. துப்பாக்கியின் மீதுள்ள தொலைகாட்டியிற் குறுக்குக் கம்பி ஒன்று இருக்கவேண்டும். அக்கம்பியும் இலக்கின் விம்பமும் ஒரே தளத்தில் இருத்தல் வேண்டும். கெப்ளர் 1611இல் விவரித்த, இரு குவிவு வில்லைகளைக் கொண்ட தொலைகாட்டியிலேதான் இது கைகூடும். அதன் உள்ளே மெய்விம்பம் ஒன்று உருவாகின்றது. அவ்விடத்திற் கம்பியை வைக்கலாம். இங்கிலாந்தின் வில்லியம் கஸ்கோயின் 1640ஐ அண்டிய காலத்தில் இதனைக் கண்டுகொண்டமைக்கு, அவருடைய திறந்த தொலைகாட்டியினுள் ஒரு சிலந்தி இழை பின்னியமையே காரணமாயிற்று. இழை எதிர்பாராவிதமாகக் காட்சியோடு சேர்ந்து தெளிவாகத் தெரிந்ததாம். 1644இல் மார்ஸ்ரன் மூர் போரில் அவர் இளவயதிலேயே மாண்டார். சிலந்தியின் இழை நிலைத்தது. கலிலியோவின் தொலைகாட்டியிலோ, பார்வைவில்லை குழிவானதாகையால், மெய்விம்பம் உருவாகுமுன்னரே கதிர்கள் தடுக்கப்பட்டுவிடுகின்றன. அதிலே கம்பிக்கு இடமில்லை.

இங்கிருந்தே, இரண்டாவது கருவியை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்ற வினாவுக்கும் விடை பிறக்கின்றது. குறுக்குக் கம்பியுள்ள தொலைகாட்டிக்குப் பின்னால் இரட்டிப்புக் கண்ணாடியை வைத்தால், கம்பியும் இலக்கும் சேர்ந்தே பெருக்கும். கண்ணாடி சற்றுக் கோணலாக இருந்தாலும் இரண்டும் ஒன்றாகவே விலகும். ஆகவே குறி தவறாது. சிவப்புப் புள்ளியைக் காட்டும் இக்காலக் குறிகாட்டிகளுக்குப் பின்னால் மும்மடங்குக் கண்ணாடியைத் தயங்காமல் மடக்கி விரிப்பது இதனாலேயே இயலுகின்றது. புள்ளியும் மூன்று மடங்கு பருத்துத்தான் தெரியும். ஆயினும் இலக்கில் அது மறைக்கும் பகுதி முன்போலவே இருக்கும். முன்னால் வைத்தாலோ கதை வேறு. இலக்கு மட்டும் பெருக்கும், கம்பி பெருக்காது. முன்கண்ணாடி ஒரு மயிரளவு சரிந்தாலும் இலக்கு மட்டும் இடம்பெயரும், குறி தவறும். குறியைத் திருத்தும் திருகின் கணக்கும் மாறிவிடும்: ஒரு சொடுக்குக்குக் காற்கலை நகர்ந்த குறி, அரைக்காற் கலையே நகரும். பின்னால் வைப்பதிலும் ஓர் அபாயம் உண்டு. கண்ணைக் கருவிக்கு அண்மையிற் கொண்டுசெல்ல வேண்டியிருப்பதால், வலிய துப்பாக்கி பின்னுதைக்கும்போது பார்வைத்துண்டு புருவத்தில் மோதும். அரைவட்டத் தழும்புள்ள புருவங்கள் சிலவற்றை பிஸ்லியிற் கண்டிருக்கின்றேன். அவற்றுக்குரியவர்கள் அவைபற்றிப் பேச விரும்புவதில்லை.

தொலைகாட்டி அனுமதிக்கப்படாத போட்டிகளிலும் கண்ணாடியைச் சேர்க்கும் ஆசை அடங்கிவிடவில்லை. துப்பாக்கியின் முன்குறியில் வலுக்குறைந்த குவிவு வில்லை ஒன்றைப் பொருத்தி, பின்குறியில் ஒரு குழிவு வில்லையை வைத்தால், இரண்டுக்கும் இடையே குழலே இல்லாத ஒரு கலிலியோத் தொலைகாட்டி உருவாகிவிடும். இரண்டு மீற்றர் குவியத்தூரமுள்ள வில்லையை முன்னாலும், ஒரு மீற்றர் குவியத்தூரமுள்ள குழிவு வில்லையை அதற்கு ஒரு மீற்றர் பின்னாலும் வைத்தால் உருப்பெருக்கம் இரண்டு. முதலாம் உலகப்போரிற் பிரித்தானியப் படையினரின் துப்பாக்கிகளில் ஏற்றப்பட்ட லாற்றி, நீல், மார்ட்டின் ஆகிய பெயர்களைக் கொண்ட குறிகாட்டிகள் இவ்வகையினவே. பார்வைப் பரப்பு மிகக் குறுகியது. மழைத்துளி ஒன்று போதும் அதனைக் கெடுக்க. நல்ல தொலைகாட்டிகள் கிடைத்ததும் அவை கைவிடப்பட்டன. இவ்வமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்றுண்டு. முன்வில்லையை மட்டும் வைத்துப் பின்வில்லையை அகற்றிவிட்டால், கண்ணை அடையும் கதிர்கள் சற்றே குவிந்தவையாக வரும். நலமான கண்ணுக்கு இலக்கு மங்கும். ஆனால் நீள்பார்வைக் குறையுள்ள ஒருவர், தகுந்த அளவு குறையிருப்பின், தமது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் இலக்கு பெரிதாகவும் தெளிவாகவும் தெரியும். அவருடைய கண்ணின் குறையே குழிவு வில்லையின் வேலையைச் செய்துவிடுகின்றது.

உண்மையிற் குறிபார்ப்பதற்குப் பெருக்கம் எவ்வளவு தேவை? ஒலிம்பிக் போட்டியில் 50 மீற்றர் தூரத்தில் றைபிள் சுடுபவர்கள் பெருப்பிக்கும் கருவி எதனையும் துப்பாக்கியிற் பயன்படுத்த விதி இடங்கொடாது. பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர், கண்ணில் அது அமைக்கும் கோணம் 43 விகலை. அதாவது, கண் பிரித்தறியும் எல்லையிலும் சிறிய ஒன்றை அவர்கள் மீண்டும் மீண்டும் துளைக்கின்றார்கள். அவ்வட்டத்தை அவர்கள் காண்பதில்லை. முன்குறி வளையத்தினுள்ளே இலக்கின் கரிய வட்டத்தை நடுவாக நிறுத்தி, சுற்றிலும் தெரியும் வெண்மை சமமாயிருக்கின்றதா என்று மட்டுமே பார்க்கின்றார்கள். இரு புள்ளிகளைப் பிரித்தறிவதில் ஒரு கலையோடு நின்றுவிடும் கண், சமச்சீரையும் கோடுகளின் ஒருங்கமைவையும் ஒரு சில விகலை நுண்மையோடு உணரவல்லது. வேணியர் இடுக்கியை வாசித்த எவரும் இத்திறனை அறியாமலே பயன்படுத்தியவர்கள். டன்ஸிக் நகரில், இன்றைய போலந்தின் க்டான்ஸ்கில், வாழ்ந்த வானியலாளர் ஹெவெலியஸ் தொலைகாட்டி பொருத்திய கோணமானிகளை ஏற்க மறுத்து வெறுங்கண்ணாலேயே விண்மீன்களின் இடங்களை அளந்தார். இலண்டனில் இருந்த ஹூக் 1674இல் அவரைக் கடுமையாகச் சாடினார். 1679இல் இளைஞரான ஹாலி அங்கு சென்று தொலைகாட்டி பொருத்திய தமது கருவியோடு ஒப்பிட்டு அளந்து, முதியவரின் அளவீடுகள் நம்பத்தக்கவை என்று சான்று கூறினார். காலப்போக்கிற் கொள்கையளவில் வென்றவர் ஹூக்கே. எனினும் ஹெவெலியஸின் கண்ணும் கருவியின் பிளவுக் குறிகளும் அடைந்த நுண்மை, பெருக்கமே நுண்மை என்று எண்ணுவோரைச் சற்றுத் தயங்க வைக்கவேண்டும். குறியைவிடப் பிடிமானமே முக்கியம் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. பிஸ்லிக்கு முன்னர் இப்போட்டிகள் நடந்த விம்பிள்டனில், 1860 ஜூலை 2ஆம் நாள் விக்ரோறியா மகாராணி முதற் சூட்டைச் சுட்டார். இயந்திரத் தாங்கியில் அசையாது இறுக்கி, முன்கூட்டியே குறிவைத்திருந்த விற்வேத் துப்பாக்கி. அவர் பட்டுக் கயிற்றை இழுத்தார். 400 யார் தூரத்தில் மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்திற் சன்னம் பதிந்தது. மகாராணி எதனூடாகவும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இவற்றையெல்லாம் அறிந்துகொண்டு, வெற்று உருப்பெருக்கம் வெற்றே என்று முடிவு கட்டியிருக்கலாம். கிழவரின் கண் அம்முடிவுக்கு இடங்கொடுக்கவில்லை. மேலே கூறிய கணக்குகள் யாவும் 60 விகலையைப் பிரித்தறியும் கண்ணுக்கு உரியவை. வைத்தியர்கள் 6/24 என்று எழுதும் பார்வை அவருடையது. அத்தகைய கண்ணுக்கு எல்லை நாலு கலை, 240 விகலை. அவருடைய பெரிய தொலைகாட்டி முப்பது மடங்கு பெருப்பிப்பது. 300 யார் தூரத்துத் துளை அதில் ஏறத்தாழ 177 விகலையாகும். எனக்குத் துலக்கமாகத் தெரியும், அவருக்குத் தெரியாது. சிறு கண்ணாடியைச் சேர்த்து அறுபது மடங்காக்கினால் 354 விகலை, அவருக்கும் தெரியும். எனக்கு வசதியைத் தவிரப் புதிதாக எதுவும் தராத அதே இரட்டிப்பு, அவருக்குத் துளை தெரிவதற்கும் தெரியாமைக்கும் உள்ள வேறுபாடாக இருந்தது. பெருக்கம் வெற்றா அன்றா என்பதை முதல் வில்லை மட்டும் தீர்மானிப்பதில்லை. கடைசியில் இருக்கும் கண்ணும் சேர்ந்தே தீர்மானிக்கின்றது. பாடநூல்களில் "சாதாரண கண்" என்று ஒன்றை வரைந்துவிட்டு மேலே செல்கின்றோம். அப்படத்துக்கு வெளியே நிற்பவர்கள் எத்தனையோ பேர். கனடாவிலே ஜோர்ஜ் ஃபார்குவர்சன் என்ற நெடுநாள் வீரர், வயதின் தளர்ச்சியால் வழமையான போட்டிகளிற் சுட இயலாதுபோனபோது, தொலைகாட்டியும் முன்தாங்கியும் அனுமதிக்கப்பட்ட ஒரு தனிப்பிரிவு தோன்ற வழிகோலினார். அவருடைய பெயரின் முதலெழுத்தாலேயே எஃப் வகுப்பு என்று வழங்கும் அப்பிரிவு இன்று உலகெங்கும் நடைபெறுகின்றது. நாற்பது மடங்கும் அதற்கு மேலும் பெருப்பிக்கும் கருவிகள் அதிற் சாதாரணம். இளைஞர்களும் அதில் இறங்கிவிட்டார்கள்.

கிழவருக்கோ அறுபது மடங்கும் முழு விடுதலையாகவில்லை. அறுபது மில்லிமீற்றர் வில்லையில் அறுபது மடங்கு என்றால் வெளிவரும் கற்றை ஒரு மில்லிமீற்றர் மட்டுமே. நோயுற்ற விழித்திரைக்கு ஒளி அதிகம் வேண்டும். கற்றையோ குறைவாகக் கொடுத்தது. ஆகவே வெயில் நன்கு எறித்த வேளைகளிலேதான் அவருக்குத் துளை தெரியும். வெயில் எறித்தாலோ காற்றுக் கொதிக்கத் தொடங்கும். அதிகாலையிலும் மாலையிலும் காற்று அடங்கும்; அப்போது வெளிச்சம் போதாது. இவ்விரண்டுக்கும் இடையே, முற்பகலில் ஒரு மணித்தியாலமளவு, அவருக்கு இசைந்த பொழுது ஒன்று இருந்தது. அதனைத் தவறவிடக்கூடாதென்று எட்டு மணிக்கே புகையிரத நிலையத்தில் நிற்பார். பையைத் திறந்து கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைக்கும்போது அவருடன் பேச்சுக் கொடுக்க முடியாது.

பத்தரை மணியளவிற் கானல் எழத் தொடங்கியதும், இறப்பர் வளையத்தைத் தளர்த்திச் சிறு கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் இட்டுக்கொள்வார். பெரிய தொலைகாட்டியின் குவியத் திருகைச் சற்றுத் திருகி, இலக்கு மங்கி, நடுவழியிலுள்ள காற்றுத் தெளியும்படி செய்வார். காற்றின் ஓட்டம் அப்போது ஓடையின் நீரோட்டத்தைப் போலக் கண்ணுக்குப் புலனாகும். இடமிருந்து வலமாக ஓடினால் அவ்வளவுக்குக் குறியை மாற்றவேண்டும். நேர்மேலாகக் கொதித்தால் காற்று ஓய்ந்திருக்கின்றது அல்லது திசை மாறப்போகின்றது என்று பொருள், அப்போது விரலை விசையிலிருந்து எடுத்துவிடவேண்டும். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டாலும், அசைவை உணர்வதில் வல்லதான அதன் வெளிப்பகுதி அவருக்குக் குறையின்றி இருந்தது. துளையைக் காணாத அக்கண், கானலின் திசை திரும்புவதை எங்கள் எல்லோரையும்விட ஒரு கணம் முன்னதாகக் கண்டது. கழகத்தின் இளைஞர்கள் நால்வர் ஐவர் தங்கள் பாய்களில் வயிறு படிந்து கிடந்தபடி, அவர் வாயிலிருந்து வரும் சொல்லுக்காகக் காத்திருப்பர். "அரைக் கலை இடம்" என்பார். சொடுக்குகள் கேட்கும். பின்னர் சூடுகள் ஒவ்வொன்றாக வெடிக்கும். தூரத்தே இலக்குகள் இறங்கி, தகடுகளைச் சுமந்துகொண்டு மீண்டும் உயரும். அவை எங்கே நிற்கின்றன என்று அவர் என்னிடம் கேட்பார். நான் எனது எட்டு மடங்குக் கண்ணாடியாற் பார்த்துச் சொல்லி, அவருடைய ஏட்டிற் குறித்துக்கொள்வேன்.